உஷார்! உங்கள் பிடிஎஃபே உங்களைக் காட்டிக்கொடுக்கும்

கடைக்கு லோகோ போட்டாயிற்று. போர்டு ஏறிவிட்டது, பில் புக் அடித்தாயிற்று, இன்ஸ்டாகிராமில் பக்கமும் திறந்தாயிற்று. 'எழுத்து அம்சமா இருக்கே, எங்க பிடிச்சீங்க?' என்று நாலு பேர் கேட்டும்விட்டார்கள். டிசைனரிடம் விசாரித்தால், 'நெட்ல ஃப்ரீயா கிடைச்சுது சார்' என்கிறார். இந்த இடத்தில்தான் உஷாராக வேண்டும்!

அவர் அனுப்பிய பிடிஎஃபை அக்ரோபேட்டில் திறந்து கன்ட்ரோல் டி அழுத்துங்கள். 'ஃபான்ட்ஸ்' என்று ஒரு பக்கம் இருக்கும். அந்தக் கோப்புக்குள் எந்தெந்த எழுத்துரு உட்கார்ந்திருக்கிறது என்று பெயர் பெயராக அங்கே போட்டிருக்கும். சில பெயர்களுக்கு முன்னால் ஆறு பெரிய ஆங்கில எழுத்தும் ஒரு கூட்டல் குறியும் ஒட்டியிருக்கும். எழுத்துரு முழுவதையும் சேர்க்காமல், பயன்பட்ட எழுத்துகளை மட்டும் கோப்பில் சேர்த்திருக்கிறார்கள் என்பதற்கு அது அடையாளம். நமக்கு வேண்டியது கூட்டல் குறிக்குப் பின்னால் இருக்கும் பெயர். நீங்கள் பார்க்க முடிகிற அந்தப் பெயரை, எழுத்துருவுக்குச் சொந்தக்காரரும் பார்க்க முடியும். கேட்லாக்கை இணையத்தில் ஏற்றிய அன்றே சாட்சியையும் நீங்களே கூண்டில் ஏற்றிவிட்டீர்கள்.

'நம்மளை யார் சார் கேட்கப்போறா?' என்பதுதான் அடுத்த வசனம். பிரான்ஸ் அரசும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும். இணையத் திருட்டைப் பிடிப்பதற்கென்றே அங்கே 'ஹடோபி' என்று ஓர் அமைப்பை உருவாக்கினார்கள். 2010 ஜனவரியில் அதன் லோகோவை வெளியிட்டார்கள். அதிலிருந்த எழுத்து 'பியன்வெனு'. எழுத்துரு வடிவமைப்பாளர் ழான் ஃபிரான்சுவா போர்ஷே, பிரான்ஸ் டெலிகாம் நிறுவனத்துக்காக மட்டும் வரைந்து கொடுத்தது. வேறு யாரும் தொடக்கூடாது. திருட்டைப் பிடிக்க வந்தவர்களின் நெற்றியிலேயே அடுத்தவன் எழுத்து. லோகோவைத் திரும்பப் பெற்று, வேறு எழுத்துருவில் போட்டு வெளியிட்டார்கள். ஊர் சிரித்தது.

இதையும் மிஞ்சியது ஒன்று உண்டு. 'காரைத் திருடுவீர்களா? படத்தை மட்டும் ஏன் திருடுகிறீர்கள்?' என்கிற தொனியில் டிவிடிகளின் தொடக்கத்தில் ஓடிய பழைய விளம்பரம் ஞாபகம் இருக்கிறதா? அந்தப் பிரசாரத்தின் பழைய பிடிஎஃப் ஒன்றை 2025-இல் யாரோ தோண்டியெடுத்துத் திறந்து பார்த்தார்கள். உள்ளே இருந்தது 'எக்ஸ்பேண்ட் ரஃப்'. ஜஸ்ட் வான் ராசம் 1992-இல் வடிவமைத்த 'எஃப்எஃப் கான்ஃபிடென்ஷியல்' எழுத்துருவின் நகல் அது. இருபது வருடம் கழித்தும் பிடிஎஃப் வாயைத் திறந்து சொல்லிவிட்டது. அமெரிக்காவில் 2009-இல் ஃபான்ட் பீரோ என்ற எழுத்துரு நிறுவனம் என்பிசி யுனிவர்சல் மீது 20 லட்சம் டாலர் கேட்டு வழக்குப் போட்டது. அத்தனை பெரிய நிறுவனத்தில் வக்கீலுக்கா பஞ்சம்? வாங்கிய லைசென்ஸ் எத்தனை கணினிக்கு, எந்தெந்த வேலைக்கு என்று பார்க்காமல் விட்டார்கள் என்பதுதான் அங்கே எழுந்த குற்றச்சாட்டு.

சரி, எழுத்தின் வடிவத்துக்கு யாராவது சொந்தம் கொண்டாட முடியுமா? 'அ'வும் 'ஆ'வும் யார் வீட்டுச் சொத்து? நியாயமான கேள்விதான். ஆனால் பாதி விஷயம் தெரிந்தவர்கள்தான் இந்தக் கேள்வியில் விழுகிறார்கள். எழுத்துரு என்று நாம் ஒரே பெயரில் சொல்வதைச் சட்டம் மூன்று துண்டாகப் பார்க்கிறது. கண்ணுக்குத் தெரியும் வடிவம் ஒன்று. கணினியில் ஏறும் கோப்பு இன்னொன்று. அது விற்கப்படும் பெயர் மூன்றாவது. ஒன்றில் உங்களுக்கு உரிமை இருப்பதால் மற்ற இரண்டும் உங்களுடையதாகிவிடாது. ஒன்று இலவசம் என்பதாலும் மற்ற இரண்டும் இலவசமாகிவிடாது.

வடிவத்தை முதலில் பார்ப்போம். அமெரிக்காவில் எழுத்து வடிவத்துக்குப் பதிப்புரிமை கிடையாது. 1978-இல் எல்ட்ரா நிறுவனத்தின் வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் இதை உறுதிசெய்தது. பதிப்புரிமை அலுவலகத்தின் விதியும் இன்றுவரை அதையே சொல்கிறது. அதனால் அங்கே ஒருவர் வரைந்த எழுத்தைப் பார்த்து, அச்சு அசலாகத் தானே வரைந்து விற்றால் பதிப்புரிமைச் சட்டம் கண்டுகொள்ளாது. வடிவமைப்புக் காப்புரிமை வாங்கலாம். 1842-இல் அந்நாடு கொடுத்த முதல் வடிவமைப்புக் காப்புரிமையே ஜார்ஜ் புரூஸ் என்ற அச்செழுத்து வார்ப்பாளருக்குத்தான். ஆனால் இப்போது அதன் ஆயுள் 15 ஆண்டுதான், செலவும் ஜாஸ்தி. பெரும்பாலானோர் அந்தப் பக்கம் போவதில்லை.

ஐரோப்பாவில் கதை வேறு. ஜெர்மனியிலும் பிரிட்டனிலும் எழுத்து வடிவத்துக்கு 25 ஆண்டுவரை சட்டப் பாதுகாப்பு உண்டு. நியூயார்க்கில் தப்பில்லாத காரியம் லண்டனில் தப்பு. ஒருவரின் வடிவத்தை நகலெடுத்துப் புது ஃபான்ட் செய்து இணையத்தில் விற்பவருக்கு எந்த ஊர்ச் சட்டம் என்று கேட்டால், அவர் விற்கிற எல்லா ஊர்ச் சட்டமும்தான். இதையெல்லாம் ஒழுங்குபடுத்த 1973-இல் வியன்னாவில் எழுத்துருப் பாதுகாப்புக்கென்றே ஓர் ஒப்பந்தம் எழுதினார்கள். போதுமான நாடுகள் ஏற்பு அளிக்காததால் அது நடைமுறைக்கே வரவில்லை. ஐம்பது வருடமாகக் காகிதத்தில் தூங்குகிறது.

நம் ஊரில்? 2002-இல் 'ஆனந்தா எக்ஸ்பேண்டட் இட்டாலிக்ஸ்' என்ற எழுத்துருவுக்குப் பதிப்புரிமைப் பதிவு கேட்டு வந்த விண்ணப்பத்தைப் பதிப்புரிமை வாரியம் ஏற்கவில்லை. எழுத்து வடிவம் ஓவியம் போன்ற கலைப் படைப்பு ஆகாது என்பது அதன் நிலை. 'ஆகாது என்றால் நமக்கு ஜாலி' என்று குதிக்காதீர்கள். வடிவத்துக்கான இன்னொரு வாசல் 2000-ஆம் ஆண்டின் வடிவமைப்புச் சட்டம். அந்தப் பதிவுக்குப் பயன்படும் வகைப்பாட்டில் 18-03 என்ற எண்ணில் அச்செழுத்துக்கு இடம் இருக்கிறது. முதலில் 10 ஆண்டு, நீட்டித்தால் மேலும் 5 ஆண்டு.

அடுத்தது கோப்பு. நம் ஊரில் முக்கால்வாசிப் பேர் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான். உங்கள் கணினியில் இருக்கும் டிடிஎஃப், ஓடிஎஃப் கோப்பு ஒரு மென்பொருள். ஒவ்வொரு எழுத்தின் கோடும் எந்தப் புள்ளியில் தொடங்கி எங்கே வளைய வேண்டும், 'டு' வரும்போது எந்த உருவத்தைப் போட வேண்டும், கொம்பு எழுத்துக்கு முன்னால் எப்படி வந்து நிற்க வேண்டும் என்றெல்லாம் கணினிக்குச் சொல்லும் கட்டளைகள் அதில் இருக்கின்றன. தமிழுக்கு இந்த வேலை கொஞ்சநஞ்சமில்லை. உகர, ஊகார வரிசையில் கு, சு, டு, மு என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாக வரைந்து தீர வேண்டும். அமெரிக்காவிலேயே 1998-இல் அடோபி தொடுத்த வழக்கில், வடிவத்துக்குப் பாதுகாப்பில்லை என்றாலும் எழுத்துருக் கோப்பு மென்பொருளாகப் பதிப்புரிமை பெறும் என்று தீர்ப்பு வந்துவிட்டது. அடுத்தவர் கோப்பைத் திறந்து, புள்ளிகளைக் கொஞ்சம் நகர்த்தி, வேறு பெயர் வைத்து விற்றவர் அங்கே தோற்றுப்போனார்.

இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்திலும் கணினி நிரல் இலக்கியப் படைப்புக்குச் சமம். 63-பி பிரிவு இன்னும் கறார்: திருட்டு நகல் என்று தெரிந்தே ஒரு மென்பொருளைக் கணினியில் பயன்படுத்தினால் 7 நாள் முதல் 3 ஆண்டுவரை சிறை, 50,000 ரூபாய் முதல் 2 லட்சம்வரை அபராதம். வணிக லாபத்துக்காக இல்லை என்று நிரூபித்தால் நீதிமன்றம் சிறையைத் தவிர்த்து 50,000 ரூபாய்க்குள் அபராதத்தோடு விடலாம். கல்யாணப் பத்திரிகை அடித்துக் காசு வாங்குகிற டிடிபி கடைக்கு 'லாபத்துக்காக இல்லை' என்ற வாதம் எப்படிப் பொருந்தும்? ஒரு காலத்தில் 'ஆயிரம் தமிழ் ஃபான்ட், ஒரே சிடி' என்று கிடைத்தது. இப்போது டெலிகிராம் லிங்காக வருகிறது. அந்த லிங்கை வாட்ஸ்அப்பில் நாலு பேருக்கு அனுப்பிவிடும் நல்ல மனசுக்காரர்களும் ஜாக்கிரதை. நகல் எடுத்துக் கொடுப்பதும் இந்தச் சட்டத்தின் கண்ணில் தப்புதான்.

இங்கே ஒரு தந்திரம் புழக்கத்தில் இருக்கிறது. கோரல் டிராவில் வேலையை முடித்ததும் கன்ட்ரோல் கியூ அடித்து எழுத்தையெல்லாம் 'கர்வ்ஸ்', அதாவது வெறும் கோட்டு வடிவமாக மாற்றிவிடுவார்கள். பிடிஎஃபில் ஃபான்ட் பெயர் வராது, 'அவ்வளவுதான், சேஃப்' என்பார்கள். பிரஸ்ஸில் எழுத்து உடையாமல் இருக்கத்தான் கர்வ்ஸ். சட்டத்திலிருந்து தப்பிக்க அல்ல. கர்வ்ஸாக மாறுவதற்கு முன்னால் அந்த மென்பொருள் உங்கள் கணினியில் லைசென்ஸ் இல்லாமல் ஓடியது உண்மைதானே? தவிர, எழுத்துரு செய்கிறவர் தன் 'ழ'வின் வளைவைக் கூட்டத்தில் பார்த்தாலும் அடையாளம் கண்டுகொள்வார். பெயர் வேண்டியதில்லை.

மூன்றாவது, பெயர். 1957-இல் ஸ்விட்சர்லாந்தின் ஹாஸ் நிறுவனத்துக்காக மாக்ஸ் மீடிங்கர் வரைந்த எழுத்துதான் 1960-இல் ஹெல்வெட்டிகா ஆனது. பிட்ஸ்ட்ரீம் நிறுவனம் அதே வடிவத்தை 'ஸ்விஸ் 721' என்று விற்றது. 'டச்சு 801' என்றால் டைம்ஸ் என்று தெரிந்தவர்கள் தெரிந்துகொண்டார்கள். எழுத்து அதேதான், பெயர் மட்டும் ஏன் ஊர் பெயரும் எண்ணுமாக இருக்கிறது? வடிவத்தை எடுத்துக்கொள்ளலாம், பெயரைத் தொட முடியாது. ஹெல்வெட்டிகா பதிவு பெற்ற வணிகச் சின்னம். 1982-இல் மோனோடைப் நிறுவனத்தில் உருவான ஏரியலும் ஹெல்வெட்டிகாவின் எழுத்து அகலங்களை அப்படியே கொண்டது, அதற்கும் பெயர் தனி. இப்படி வடிவங்கள் கைமாறுவதைப் பொறுக்காமல்தான், பலாட்டினோவை வரைந்த ஹெர்மன் சாஃப் 1993-இல் உலக எழுத்துரு சங்கத்தை விட்டே வெளியேறினார். அவருடைய கோபத்தில் எனக்கு முழு உடன்பாடு உண்டு. ஆனால் கோபத்தை எந்த நீதிமன்றமும் ஆவணமாக ஏற்காது. ஆகவே, நீங்கள் செய்த தமிழ் எழுத்துரு எவ்வளவு சுத்தமான சொந்த வேலையாக இருந்தாலும், விற்பனைக்காக 'ஹெல்வெட்டிகா தமிழ்' என்று பெயர் வைத்தீர்களோ, வில்லங்கத்தை நீங்களே விலைக்கு வாங்கிவிட்டீர்கள்.

இனி அந்தக் குட்டிக் குட்டிக் குறிகளுக்கு வருவோம். மக்கள் பயப்பட வேண்டிய இடத்தில் பயப்படாமல், தேவையில்லாத இடத்தில் பயப்படுவது இவற்றால்தான்.

வட்டத்துக்குள் 'சி' என்றால் பதிப்புரிமை. இந்தக் குறி இருந்தால்தான் உரிமை என்று நினைப்பவர்கள் ஏராளம். பதிப்புரிமைக்குப் பதிவும் வேண்டாம், குறியும் வேண்டாம். படைத்த கணமே வந்துவிடும். அமெரிக்காவில்கூடக் குறி கட்டாயம் என்ற விதி 1989 மார்ச்சோடு போயிற்று. ஆகவே 'குறி எதுவும் இல்லை, அதனால் ஃப்ரீ' என்பது மகா ஆபத்தான முடிவு. விண்டோஸில் ஓர் எழுத்துருக் கோப்பின் மேல் வலது கிளிக் செய்து 'பிராப்பர்ட்டீஸ்', பிறகு 'டீட்டெய்ல்ஸ்' போய்ப் பாருங்கள். பதிப்புரிமை வரி, வணிகச் சின்ன வரி, கோப்புக்குள் எந்த அளவுக்குப் பதிக்கலாம் என்ற அனுமதி எல்லாம் இருக்கும். அந்த அனுமதி 'ரெஸ்ட்ரிக்டட்' என்று இருந்தால், பிடிஎஃபில் பதிக்கவே கூடாது என்கிறார் உரிமையாளர். எல்லா வரியும் காலியாக இருந்தால் இன்னும் கூடுதலாகச் சந்தேகப்படுங்கள். திருட்டு நகல் போடுகிறவர்கள் முதலில் துடைப்பது அந்த வரிகளைத்தான்.

'டிஎம்' என்ற குறிக்கு எந்தப் பதிவும் தேவையில்லை. 'இந்தப் பெயரை என் வணிகச் சின்னமாக வைத்திருக்கிறேன்' என்று நீங்களே அறிவித்துக்கொள்வது அது. இன்று மாலையே போட்டுக்கொள்ளலாம், ஒரு பைசா செலவில்லை.

வட்டத்துக்குள் 'ஆர்' அப்படி இல்லை. இதில்தான் நம் ஆட்கள் சர்வ சாதாரணமாக விளையாடுகிறார்கள். லோகோ ஓரத்தில் 'கெத்தா இருக்கும்' என்று டிசைனர் ஒரு வட்ட ஆரைத் தூக்கிப் போட்டுவிடுவார். பதிவு பெறாத பெயருக்கு அதைப் போடுவது வணிகச் சின்னச் சட்டம் 107-ஆம் பிரிவின் கீழ்த் தவறு. முன்பு இதற்கு 3 ஆண்டுவரை சிறை இருந்தது. 2023-இல் வந்த ஜன் விஸ்வாஸ் திருத்தச் சட்டம் சிறையை எடுத்துவிட்டு, விற்றுமுதலை வைத்துக் கணக்கிடும் பண அபராதமாக மாற்றியது. சிறை போனதே என்று நிம்மதிப்படுவதா, விற்றுமுதலைத் தொடுகிறார்களே என்று பதறுவதா? நான் பதறுவேன். இன்னொன்று: சிங்கப்பூரிலோ அமெரிக்காவிலோ பதிவு வாங்கியிருக்கிறேன் என்பதற்காக இங்கே வெறுமனே வட்ட ஆர் போட முடியாது. எந்த நாட்டுப் பதிவு என்று சேர்த்துக் குறிப்பிடாவிட்டால், இந்தியப் பதிவைச் சொல்வதாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும். முக்கியமாக, ஓர் எழுத்துருப் பெயரின் பக்கத்தில் வட்ட ஆர் இருந்தால் அந்தப் பெயர் பதிவாகியிருக்கிறது என்றுதான் அர்த்தம். எழுத்தின் வடிவத்தைப் பற்றி அந்தக் குறி ஒரு வார்த்தையும் பேசவில்லை.

அப்படியானால் வடிவத்துக்கு எந்தக் குறி? எழுத்துருவுக்கென்று தனிக் குறி உலகத்தில் எங்கும் கிடையாது. வட்டத்துக்குள் 'டி' போடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வடிவமைப்பைக் குறிக்கும் அந்தக் குறி ஹேக் ஒப்பந்தத்தின் 1960 வடிவத்தில் சர்வதேசப் பதிவுகளுக்கு இருந்தது. இந்தியா அந்த ஒப்பந்தத்தில் இல்லை. அமெரிக்கச் சட்டத்திலும் அதே குறி உண்டு. எதற்குத் தெரியுமா? படகின் உடற்பகுதி வடிவமைப்புக்கு. காசிமேட்டில் படகு கட்டி அமெரிக்காவில் விற்கிற யோசனை இருந்தால் உபயோகப்படும்! இந்தியாவில் வடிவமைப்புப் பதிவு பெற்றவர் பொருளில் போட வேண்டியது 'ரிஜிஸ்டர்டு' என்றோ 'ரெஜ்டி' என்றோ 'ஆர்டி' என்றோ ஒரு சொல், கூடவே பதிவு எண். இதைப் போடாமல் விற்றால், பின்னால் நகலெடுத்தவனிடம் பணம் கேட்கும்போது கை கட்டப்பட்டுவிடும். குறி போட எல்லா முயற்சியும் எடுத்தேன் என்றோ, பதிவு இருப்பது தெரிந்த பிறகுதான் அவன் நகலெடுத்தான் என்றோ நிரூபித்தால்தான் மீள முடியும். அப்படியே மீண்டு சட்டம் குறித்துவைத்த தொகையைக் கேட்டாலும் ஒரு மீறலுக்கு 25,000 ரூபாய், மொத்தத்தில் ஒரு வடிவமைப்புக்கு 50,000 ரூபாய்தான் உச்சவரம்பு. நஷ்டஈடும் தடையாணையும் கேட்டுத் தனியாக வழக்குப் போடலாம் என்பது வேறு கதை.

எழுத்துரு செய்கிற தம்பி தங்கைகளுக்கு இதைவிடப் பெரிய அபாயம் ஒன்று காத்திருக்கிறது. ராப்பகலாக உட்கார்ந்து ஓர் எழுத்துருவை வரைகிறீர்கள். முடிந்ததும் என்ன செய்வீர்கள்? இன்ஸ்டாகிராமில் போடுவீர்கள். லைக் குவியும். அந்த நிமிடமே வடிவமைப்புப் பதிவுக்கான தகுதி கையை விட்டுப் போகிறது. விண்ணப்பிக்கும் முன் எங்குமே வெளியாகாத வடிவத்துக்குத்தான் பதிவு. கண்காட்சிக்கு ஆறு மாத விலக்கு உண்டு, அதற்கும் முன்கூட்டியே முறைப்படி அறிவிப்புக் கொடுத்திருக்க வேண்டும். பதிவு கிடைத்த பிறகும் அதில் நலன் உள்ள எவரும் 'இது ஏற்கெனவே வெளிவந்தது' என்று காட்டி ரத்து செய்யக் கேட்கலாம். மைக்ரோசாஃப்டுக்கே இது நடந்தது. செகோ எழுத்துருவை ஐரோப்பாவில் வடிவமைப்பாகப் பதிந்தார்கள். தங்கள் ஃப்ரூட்டிகர் நெக்ஸ்ட் போலவே இருக்கிறது என்று லைனோடைப் எதிர்த்தது. 2006-இல் பதிவு போயிற்று. நம் நாட்டில் தனிநபருக்கு விண்ணப்பக் கட்டணம் 1,000 ரூபாய், வேலையைப் பார்ப்பது கொல்கத்தா அலுவலகம், ஆன்லைனிலேயே முடித்துவிடலாம். ஒரு பிரியாணி விருந்துச் செலவு. முதலில் விண்ணப்பம், அப்புறம் இன்ஸ்டாகிராம்.

'நான் ஓவியமாக வரைந்தேன், அதனால் பதிப்புரிமை தானாக வந்துவிடும், பதிவெல்லாம் எதற்கு?' என்று கேட்பவர்கள் பதிப்புரிமைச் சட்டத்தின் 15-ஆம் பிரிவைப் படித்துவிட்டுத் தூங்கப் போகலாம், தூக்கம் வந்தால். வடிவமைப்பாகப் பதியத்தக்க ஒன்றைப் பதியாமல் விட்டு, அதை வைத்து இயந்திர முறையில் 50 பிரதிகளுக்கு மேல் பொருள் செய்துவிட்டால், அந்த வடிவமைப்பின் பதிப்புரிமை முடிந்தது. ஐம்பது என்பது ஒரு கல்யாணப் பத்திரிகை ஆர்டருக்குக்கூடக் காணாது.

அடுத்தவருக்கு எழுத்துரு செய்து கொடுக்கிறவர்கள் இன்னொன்றையும் கவனியுங்கள். பத்திரிகைக்கோ சினிமாவுக்கோ எழுத்துரு செய்து கொடுத்து உரிமையை எழுதிக் கொடுக்கும்போது, கால அளவு குறிப்பிடாத ஒப்பந்தத்துக்கு ஆயுள் 5 ஆண்டு. எந்தெந்த நாடு என்று சொல்லாவிட்டால் இந்தியா மட்டும். எழுதிக் கொடுப்பவருக்கு இது சாதகம், வாங்குகிற நிறுவனத்துக்கு அதிர்ச்சி. சம்பளக்காரராக இல்லாமல் வெளியிலிருந்து செய்து தருபவருக்குக் காசு கொடுத்துவிட்டோம், லோகோ நமதாகிவிட்டது என்று நினைக்கும் முதலாளிகளும் ஒரு தடவை பீரோவைத் திறந்து, கையெழுத்துப் போட்ட காகிதம் ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள்.

இலவச எழுத்துருவே இல்லையா என்றால், தாராளமாக இருக்கிறது. கூகுள் ஃபான்ட்ஸில் முக்த மலர், கட்டமரன், ஹிந்த் மதுரை, பாலூ தம்பி, மீரா இனிமை, நோட்டோ சான்ஸ் தமிழ், அனேக் தமிழ் என்று அருமையான தமிழ் எழுத்துகள் திறந்த எழுத்துரு உரிமத்தில் கிடைக்கின்றன. புத்தகம் போடலாம், போர்டு வைக்கலாம், லோகோ செய்யலாம், யாரும் கேட்க மாட்டார்கள். ஆனால் இங்கேயும் கண்ணி உண்டு: எழுத்துருவை மட்டும் தனியாக விற்கக் கூடாது, மாற்றியமைத்தால் அதே உரிமத்தில்தான் வெளியிட வேண்டும், பெயரை ஒதுக்கிவைத்திருந்தால் உங்கள் மாற்றத்துக்கு அந்தப் பெயரைச் சூட்டக் கூடாது. விண்டோஸோடு வரும் லதா, நிர்மலா, மேக்கோடு வரும் இணைமதி போன்றவற்றில் அச்சடிக்கத் தடையில்லை; கோப்பைக் காப்பியடித்து அடுத்தவருக்குக் கொடுப்பதுதான் கூடாது.

உண்மையான பொறி, 'ஃப்ரீ ஃபார் பெர்சனல் யூஸ்' என்று பொடி எழுத்தில் போட்டிருக்கும் எழுத்துருக்கள். பிறந்தநாள் வாழ்த்துக்கு வைத்துக்கொள்ளலாம். கடை போர்டு, யூடியூப் தம்ப்நெயில், ஆப் எதுவும் பெர்சனல் இல்லை. காசு கொடுத்து வாங்கிய எழுத்துருவுக்கும் கணினியில் வைத்து டிசைன் செய்ய ஒரு லைசென்ஸ், இணையதளத்துக்கு ஒன்று, ஆப்புக்குள் வைக்க இன்னொன்று என்று பிரித்திருப்பார்கள். ஒன்றை வாங்கி மூன்றுக்கும் ஓட்டுவதில்தான் பெரிய நிறுவனங்களே வழுக்கி விழுகின்றன.

கடைசியாக, இந்தப் பயத்தை வைத்தே பிழைக்கிறவர்களிடம் உஷார். 'மூன்று நாளில் வட்ட ஆர் வாங்கித் தருகிறோம்' என்று விளம்பரம் வந்தால் நம்பாதீர்கள். பெயரைப் பதிவதற்கான விண்ணப்பம் பரிசீலனைக்குப் போய், வணிகச் சின்ன இதழில் வெளியாகி, ஆட்சேபம் தெரிவிக்க நான்கு மாதம் அவகாசம் கழிந்த பிறகுதான் பதிவுச் சான்றிதழ் வரும். மூன்று நாளில் கிடைப்பது விண்ணப்ப எண் மட்டுமே. அதை வைத்து நீங்கள் போடக்கூடியது 'டிஎம்', அதை ஏற்கெனவே இலவசமாகப் போட்டுக்கொண்டிருந்தீர்கள். தனிநபருக்கும் சிறு நிறுவனத்துக்கும் ஆன்லைன் அரசுக் கட்டணம் ஒரு வகைக்கு 4,500 ரூபாய்; மற்றவர்களுக்கு 9,000. இதற்கு மேல் கேட்கும் தொகை வக்கீல் கட்டணமா, வேறு எதுவுமா என்று எழுத்தில் வாங்குங்கள். இதழில் உங்கள் பெயரும் முகவரியும் வெளியானதும் 'சர்வதேசப் பதிவேட்டில் சேர்க்கப் பணம் கட்டவும்' என்று முத்திரையெல்லாம் குத்திக் கடிதம் வரலாம். உலக அறிவுசார் சொத்துரிமை அமைப்பே இப்படிப்பட்ட போலிக் கடிதங்களைப் பற்றித் தொடர்ந்து எச்சரிக்கிறது. கட்டாதீர்கள்.

எழுத்துரு நிறுவனத்திடமிருந்து உண்மையான நோட்டீஸே வந்துவிட்டால்? மிரண்டுபோய்க் கோப்பையெல்லாம் அழிக்காதீர்கள். அழித்தது தெரிந்தால் 'தெரியாமல் செய்தேன்' என்ற வாதத்தை யாரும் நம்ப மாட்டார்கள். கேட்ட தொகையை அன்றே அனுப்பவும் வேண்டாம். எந்த எழுத்துரு, எங்கே பயன்பட்டது, அவர்கள் கேட்பது கோப்புக்கா பெயருக்கா வடிவத்துக்கா என்று எழுத்தில் கேளுங்கள். டிசைனரின் பில்லை எடுத்து வையுங்கள். அறிவுசார் சொத்துரிமை பார்க்கும் வக்கீல் ஒருவரிடம் காட்டிவிட்டுப் பதில் போடுங்கள்.

நோட்டீஸ் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. இன்று கடை அடைக்கும் முன் உங்கள் லோகோ, கேட்லாக், அட்டைப்படம் எல்லாவற்றின் பிடிஎஃபையும் திறந்து எழுத்துருப் பெயர்களைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றுக்கும் லைசென்ஸோ ரசீதோ எங்கே என்று டிசைனரிடம் கேளுங்கள். 'இருக்கு சார், அப்புறம் அனுப்புறேன்' என்றால் விடாதீர்கள், மெயிலில் வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். இல்லை என்றால் அந்த எழுத்தை மாற்றச் சொல்லுங்கள். அடுத்த ஆயிரம் பில் புக் அச்சுக்குப் போவதற்குள் மாற்றிவிடுங்கள்.